ஸ்ட்ரோப் போட்டு குரல் நாண் பாக்குறது எப்படி, அந்த ஸ்லோமோஷனை எந்த அளவுக்கு நம்பலாம்

ஸ்ட்ரோப்னா மின்னி மின்னி எரியுற லைட். அதைப் போட்டு ஸ்க்ரீன்ல ரெண்டு குரல் நாணும் சாவகாசமா தொறந்து மூடுறதை முதல் தடவ பாக்குறப்ப ஒரு மயக்கம் வரும், எனக்கும் வந்துச்சு, பேஷண்டை அடுத்து என்ன சத்தம் போடச் சொல்லணும்னே மறந்துட்டு வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல நின்ன சீனியர் அக்கா, "இது நடந்தது இல்லம்மா, ஒட்டுப் போட்டது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அது என்னன்னு புரியவே எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. ஸ்கோப் (தொண்டைக்குள்ள பாக்குற கேமராக் குழாய்) பிடிக்கக் கத்துக்க ஆரம்பிக்கிற ஸ்பீச் தெரபி, ஈஎன்டி பசங்களுக்குத்தான் இதை எழுதுறேன், அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கலாம்.

சாதாரணமா பேசுறப்ப ஆண்களுக்கு நாண் செகண்டுக்கு 100லேர்ந்து 130 தடவ, பெண்களுக்கு 200 பக்கத்துல, குழந்தைங்களுக்கு அதுக்கும் மேல தொறந்து மூடும். ஒரு தடவ தொறந்து மூடுறதைத்தான் ஒரு சுத்துன்னு சொல்றேன். கேமரா எடுக்குறதோ செகண்டுக்கு 25 இல்லாட்டி 30 படம். ஸோ சாதா லைட்ல நாணோட ஓரம் புகை படிஞ்ச மாதிரி கலங்கலாத்தான் தெரியும். ஸ்ட்ரோப் என்ன பண்ணுதுன்னா மைக் வழியா குரலோட ஃப்ரீக்வென்சியப் பிடிச்சு அதுக்கு ஒரு இம்மி தள்ளி லைட்டை மின்ன விடுது. குரல் 200 ஹெர்ட்ஸ், லைட் 198.5ன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு மின்னலும் அடுத்த சுத்துல கொஞ்சூண்டு தள்ளி விழும், அப்படித் தள்ளித் தள்ளி விழுந்த துண்டெல்லாம் சேந்து செகண்டுக்கு ஒண்ணரை சுத்து ஓடுற மாதிரி கண்ணுக்குத் தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஸ்க்ரீன்ல ஓடுற ஒரு சுத்துக்குள்ள நிஜத்துல 133 சுத்து முடிஞ்சு போயிருக்கு. அதுலேர்ந்து 25 பட கேமராவுல உங்களுக்குக் கிடைச்சது சுமாரா 17 படம். சுத்துற ஃபேன் இறக்கை சில லைட்ல நின்ன மாதிரியும் பின்னாடி போற மாதிரியும் தெரியுமே, அதே சமாச்சாரம்தான்.

அந்த 133 சுத்தும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருந்தா ஒட்டுப் போட்ட படமும் உண்மையச் சொல்லும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருந்தா நீங்க பாக்குறது எந்த சுத்தும் இல்ல. அதனால இந்த டெஸ்ட்ல உங்க வேலைல பாதி, பேஷண்டோட குரலை ரெண்டு மூணு செகண்டு ஆடாம அசையாம நிக்க வைக்கிறதுதான். ஸ்கோப்பை உள்ள விடுற கை வித்தையெல்லாம் ரெண்டு வாரத்துல வந்துரும்.

தன் நாணைத் தானே பாத்துக்கணும்னு முதல்ல மெனக்கெட்டு ஜெயிச்சவர் மானுவேல் கார்சியான்னு ஒரு பாட்டு வாத்தியார், 1854ல, பல் டாக்டர் கண்ணாடியும் கைக் கண்ணாடியும் வெயிலும் வெச்சு. அவரால அசைவைப் பாக்க முடிஞ்சுது, அதிர்வைப் பாக்க முடியல. 1878ல ஓர்டெல்ங்கற ஜெர்மன் டாக்டர் ஓட்டை போட்ட தட்டைச் சுத்தவிட்டு லைட்டை வெட்டி வெட்டி அனுப்பினப்பதான் குரல்வளைல ஸ்ட்ரோப் வந்துச்சு. இன்னைக்கு மெஷின் மாறியிருக்கு, தந்திரம் அதேதான்.

சரி, எந்த ஸ்கோப்? வாய் வழியா போற ரிஜிட் ஸ்கோப் 70 டிகிரி, 90 டிகிரின்னு ரெண்டு வகை, படம் பெருசா பளிச்சுன்னு இருக்கும், மியூகோசல் வேவ் (நாணோட மேல் திசுவுல ஓடுற அலை, பின்னாடி விளக்குறேன்) பாக்க என்னோட ஓட்டு இதுக்குத்தான். ஆனா நாக்கை வெளிய இழுத்துப் பிடிச்சுட்டு "ஈ" சொல்லச் சொல்றோம், உலகத்துல யாரும் அப்படிப் பேசுறதில்ல. மூக்கு வழியா போற ஃப்ளெக்ஸிபிள்ல பேஷண்ட் பேசலாம், பாடலாம், எண்ணலாம், அதனால அழுத்திப் பேசுற ஆளுங்க, பாடகர்கள், பேசுறப்ப மட்டும் குரல் உடையுற கேஸ், ஓங்கரிப்பு ஜாஸ்தி உள்ளவங்க, இவங்களுக்கெல்லாம் அதுதான். முனைலயே கேமரா சிப் வெச்ச ஃப்ளெக்ஸிபிள் படம் பழைய ஃபைபர் படத்தை விட எவ்வளவோ தேவலை, ஃபைபர்ல தேன்கூடு மாதிரி புள்ளி புள்ளியா வரும். ரெண்டும் கிடைச்சா ரெண்டும் போடுங்க.

ஸ்கோப் எடுக்குறதுக்கு முன்னாடி காதால கேளுங்க. குரலை ரெக்கார்ட் பண்ணி, கரகரப்பா, காத்து ஒழுகுதா, இறுக்கமான்னு எழுதி வெச்சுட்டு அப்புறம் பாருங்க. நாணைப் பாத்துட்டு கேட்டா காதும் கண்ணு சொன்னதையே சொல்லும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களா (மூக்கு வழி போறப்ப ரத்தம் வரலாம்), மயக்கம் போட்டு விழுற பழக்கம் உண்டா, மரப்பு மருந்து ஒத்துக்காம போயிருக்கா, இதெல்லாம் கேட்டாகணும். மரப்பு மருந்து விஷயத்துல நான் கஞ்சன், ரிஜிட் ஸ்கோப்புக்கு நிறைய பேருக்கு அது தேவையே படாது, நிதானமா பேசி மூச்சு விட வெச்சாலே போதும். லிக்னோகெயின் ஸ்ப்ரே அடிச்சா மரப்பு போற வரைக்கும் சாப்பிடக் கூடாது, தண்ணி கூட குடிக்கக் கூடாதுன்னு சொல்லியே அனுப்புங்க, இல்லன்னா புரை ஏறும். முதல் சில டஜன் கேஸ் அனுபவம் உள்ள ஆள் பக்கத்துல நிக்காம தனியா பண்ணாதீங்க.

மைக்கைக் கவனிங்க. கழுத்துல கட்டுற மைக்னா குரல்வளைக் குருத்தெலும்பு மேல பக்கவாட்டுல படுற மாதிரி, தாடையத் தூக்கினாலும் நழுவாத அளவுக்கு இறுக்கமா. இங்க என் மானத்தை நானே வாங்கிக்கிறேன். ஒரு தடவ ஸ்கோப் கேமராவுல மாட்டுற மைக்தான் இருந்துச்சு, பேஷண்டுக்கு தைரியம் குடுக்க நானும் கூடவே "ஈஈஈ"ன்னு இழுத்துட்டே இருந்தேன். ஸ்க்ரீன்ல பிட்ச் நம்பர் கல்லு மாதிரி 220லயே நிக்குது, நாண் மட்டும் பேய் பிடிச்ச மாதிரி துள்ளுது. ஆஹா, குரல் ரொம்ப ஒழுங்கில்லாம இருக்குன்னு எழுதப் போயிட்டேன். வீடியோவ சத்தத்தோட திரும்பப் போட்டப்பதான் தெரிஞ்சுது மெஷின் பிடிச்சது என் குரலை, லைட் எனக்கு மின்னிட்டு இருந்திருக்கு. ஸோ செஞ்சு காட்டுங்க, அப்புறம் வாய மூடிக்கோங்க.

இப்ப உக்கார வைக்கிறது. முதுகை வளைக்காம இடுப்புலேர்ந்து முன்னாடி சாயணும், கழுத்து முன்னுக்கு வந்து தாடை கொஞ்சம் மேல, பூவை மோந்து பாக்குற ஆள் மாதிரி. நாக்கை காஸ் துணியால பிடிங்க, இல்ல அவங்களையே பிடிக்கச் சொல்லுங்க, பதட்டமான ஆளுங்க தானே பிடிச்சா பாதி பயம் போயிரும். ரொம்ப இழுக்காதீங்க, கீழ்ப்பல்லுல நாக்கு அடிப்பக்கம் உரசி வலிக்கும், குரல்வளையும் மேல ஏறி பிட்ச் மாறிரும். லென்ஸ்ல ஆவி படியாம இருக்க வெதுவெதுப்பான தண்ணில முக்கி எடுங்க, சூடு சரியான்னு உங்க கைல தொட்டுப் பாத்துட்டு அப்புறம் உள்ள விடுங்க, லைட் ரொம்ப நேரம் எரிஞ்சா முனை சூடாயிரும்.

மூச்சு வாய் வழியா, குட்டி நாய் இளைக்குற மாதிரி லேசா. ஸ்கோப் நாக்கு மேல மிதந்து போகணும், நாக்கோட வேர்ப்பக்கத்துலயும் தொண்டையோட பின்சுவர்லயும் படக் கூடாது, அங்க பட்டாத்தான் ஓங்கரிப்பு வரும், உள்நாக்குல லேசா பட்டா பல பேர் தாங்கிக்குவாங்க. உள்ள போனதும் "ஈ" சொல்லச் சொல்லுங்க. ஏன் "ஈ"? "ஆ" சொன்னா எபிக்ளாட்டிஸ் (குரல்வளை மேல இருக்கற மூடி மாதிரியான மடல்) பின்னாடி சாஞ்சு நாணை மறைக்கும், "ஈ"க்கு நாக்கோட வேர் முன்னாடி போறதால அதுவும் கூட எந்திரிச்சு வழி விடும். நாக்கு வெளிய இருக்கறதால வர்ற சத்தம் "ஏ" மாதிரிதான் இருக்கும், பரவால்ல, அவங்க மனசுல "ஈ" இருந்தா போதும். அப்பவும் மறைச்சா இன்னும் மேல் பிட்ச்ல கேளுங்க. 70 டிகிரி ஸ்கோப்னா நாண் முனைக்கு முன்னாடி சரிவா கீழ இருக்கும், 90 டிகிரின்னா நேர் கீழ, இது தெரியாம கையை ஆட்டித் தேடினா பேஷண்டுக்குத்தான் கஷ்டம்.

ரெக்கார்ட் பண்ற படத்துல முன்பக்கம் ரெண்டு நாணும் சேர்ற ஆன்டீரியர் கமிஷர்லேர்ந்து பின்னாடி அரிட்டினாய்டு (நாணோட பின் முனைய நகர்த்துற குருத்தெலும்பு) வரைக்கும் முழுசா தெரியணும், க்ளாட்டிஸ் கோடு, அதாவது ரெண்டு நாணுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, நேரா நிக்கணும். சாய்ஞ்ச கோணத்துல ஒரு நாண் அகலமாவும் இன்னொண்ணு ஒல்லியாவும் தெரியும், அதைப் பாத்துட்டு "சமச்சீர் இல்ல"ன்னு எழுதின ரிப்போர்ட் எத்தனையோ பாத்திருக்கேன். எது இடது எது வலதுங்கறதுலயும் உஷார், கேமரா தலை திரும்பியிருந்தா எல்லாமே மாறிரும், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது எழுத்துள்ள காகிதத்தைக் காட்டி நேரா தெரியுதான்னு பாத்துக்கறது என் வழக்கம்.

ஸ்ட்ரோப்பை உடனே போடாதீங்க. முதல்ல சாதா லைட்ல மூச்சு இழுக்கறப்ப நாண் விரியுதா, சத்தம் போடுறப்ப சேருதான்னு பாருங்க. மூக்கை உறிஞ்சு, "ஈ", உறிஞ்சு, "ஈ"ன்னு மாத்தி மாத்தி செய்ய வெச்சா ஒரு பக்கம் லேசா பின்தங்குறது கூட தெரிஞ்சுரும். கட்டி, சிவப்பு, வெள்ளைத் திட்டு, ரத்தக் குழாய், இதெல்லாமும் சாதா லைட்லதான் நல்லா தெரியும்.

அப்புறம் ஸ்ட்ரோப். வசதியான பிட்ச், வசதியான சத்தத்துல ஒரு நீள "ஈ", மெஷின் குரலைப் பிடிக்கவே நேரம் எடுக்கும், அதனால மூணு நாலு செகண்டாவது வேணும். முதல்ல லாக் மோட்ல போடுங்க, அதாவது லைட்டும் குரலும் ஒரே வேகம், படம் ஃபோட்டோ மாதிரி அப்படியே நிக்கணும். அது நடுங்கினா அதிர்வு ஒழுங்கா இல்லன்னு அர்த்தம், இனி வரப்போற ஸ்லோமோஷனை சந்தேகத்தோட பாருங்கன்னு மெஷினே சொல்லுது. இந்த சின்ன டெஸ்டை நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு அது ஆச்சரியமா இருக்கும். அடுத்து ஸ்லோ மோட்ல அதே "ஈ", அப்புறம் மேல் பிட்ச், கீழ் பிட்ச், மெல்லிசா, சத்தமா, கீழேர்ந்து மேல சைரன் மாதிரி இழுத்துட்டுப் போறது. மெல்லிசா மேல் பிட்ச்ல கேக்குறது ரொம்ப முக்கியம், சின்ன வீக்கம் இருந்தா அங்கதான் குரல் திக்கும், நடுல காத்து மட்டும் வரும். மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே சத்தம் போடச் சொன்னா தளர்ந்த மேல் திசு உள்ள இழுபடும், ஓரத்துக்குக் கீழ ஒளிஞ்சிருக்கறது வெளிய வரும்.

பாக்க வேண்டியதுல மியூகோசல் வேவ் கொஞ்சம் விளக்கணும். நாண்ங்கறது ஒரே கட்டியான சதை இல்ல, உள்ள தசை, மேல ஜெல்லி மாதிரி நெகிழ்வான போர்வை, 1974ல ஹிரானோங்கற ஜப்பான் டாக்டர் சொன்ன உடம்பு–போர்வைக் கணக்கு இதுதான். காத்து கீழேர்ந்து தள்ளுறப்ப கீழ் ஓரம் முதல்ல திறக்கும், மேல் ஓரம் அப்புறம், மூடுறப்பவும் கீழதான் முதல்ல. மேலேர்ந்து பாக்குற நமக்கு அது ஓரத்துலேர்ந்து வெளிப்பக்கமா ஓடுற ஒரு அலையா தெரியும், குளத்துல காத்து வீசுற மாதிரி. வசதியான பிட்ச்ல அந்த அலை நாணோட அகலத்துல பாதி வரைக்கும் ஓடும்னு ஒரு தோராயக் கணக்கு, ஓரம் பக்கவாட்டுல விலகுற தூரம், அதாவது ஆம்ப்ளிட்யூட், அகலத்துல மூணுல ஒரு பங்கு. அலை ஓடலைன்னா போர்வை அடில ஒட்டிப் போயிருக்கு, தழும்பு, சல்கஸ் (ஓரத்துல நீளமா விழுற பள்ளம்), சிஸ்ட் (உள்ள இருக்கற பை மாதிரி கட்டி), அதை விட மோசமானதுன்னு எதுவாவும் இருக்கலாம். ஒரு துண்டு மட்டும் மரக்கட்டை மாதிரி நின்னு சுத்தி இருக்கறது ஆடினா அந்த இடத்தைக் குறிச்சு வெச்சுருங்க, டாக்டர் கண்டிப்பா பாத்தாகணும். ஆனா அலை இல்லாததை மட்டும் வெச்சு கேன்சர்னு சொல்ல முடியாது, அதுக்கு திசு எடுத்துப் பாக்கறதுதான் வழி.

இங்கதான் பிட்ச் கவனம். பிட்ச் ஏறினா நாண் இழுபட்டு மெலிசாகும், அலையும் ஆம்ப்ளிட்யூடும் தானா சுருங்கும், சத்தம் கூடினா ரெண்டும் பெருசாகும். ஸ்கோப் வாய்ல இருக்கறப்ப பயத்துல எல்லாருக்கும் பிட்ச் ஏறிடும். 300 ஹெர்ட்ஸ்ல கத்தின நாணைப் பாத்துட்டு "அலை குறைவு"ன்னு எழுதினா அது நோய் இல்ல, பயம்.

மூடுறது எப்படின்னும் பாருங்க. பின்பக்கம் சின்ன இடைவெளி பெண்களுக்கு சகஜம், அதைக் குறையா எழுதாதீங்க. ரெண்டு பக்கமும் முன்பகுதியும் நடுப்பகுதியும் சேர்ற இடத்துல முடிச்சு இருந்தா அது முட்டிக்கிட்டு முன்னாடியும் பின்னாடியும் இடைவெளி விடும், உடுக்கை மாதிரி. வயசானவங்களுக்கு நாண் வில்லு மாதிரி வளைஞ்சு நடுவுல காத்து ஒழுகும். ரெண்டு நாணும் கண்ணாடில பாத்த மாதிரி ஒண்ணா ஆடுதா, ஒண்ணு முந்துதா, அழுத்துறப்ப மேல இருக்கற பொய் நாணும் (நிஜ நாணுக்கு மேல உள்ள திசு மடிப்பு) வந்து நெருக்குதா, இதெல்லாம் வரிசையா. மார்க் போட வாலின்னு (VALI) ஒரு ஃபார்ம் இருக்கு, கிஷ்கிந்தை வாலி இல்ல, இங்கிலீஷ் பேரோட சுருக்கம், படம் போட்டு ஒவ்வொண்ணையும் கேக்கும், ஆரம்பத்துல அதை வெச்சுக்கிட்டா எதையும் விட மாட்டீங்க.

சளி பத்தி ஒரு வார்த்தை. சளிக்கட்டி நாண் மேல உக்காந்து பாலிப் (சதை வளர்ச்சி) மாதிரியே நடிக்கும், அதோட கனத்துல அலையையும் கெடுக்கும். முழுங்கச் சொல்லுங்க, திரும்பப் பாருங்க, இடம் மாறினா சளி. நான் ஒரு தடவ அவசரப்பட்டு முகத்துல கவலையக் காட்டிட்டேன், பேஷண்ட் அதைப் படிச்சுட்டாங்க, அடுத்த முழுங்கல்ல "கட்டி" காணாம போச்சு, அவங்க பயம் மட்டும் போகல.

இப்ப ஒட்டுப் படம் தோத்துப் போற இடம். ரொம்ப கரகரத்த குரல், ஒரே நேரத்துல ரெண்டு பிட்ச் வர்ற குரல், ஒரு செகண்டுக்கு மேல நிக்காத குரல், குரல் ஆரம்பிக்கிற அந்த முதல் நொடி, இது எதுலயும் ஸ்ட்ரோப்பால ஒண்ணும் பண்ண முடியாது, லைட் தாறுமாறா மின்னும். அங்க "மதிப்பிட முடியல"ன்னு எழுதுறதுதான் நேர்மை, "ஒழுங்கற்ற அதிர்வு"ன்னு எழுதுறது வேற விஷயம், லைட் தடுமாறினதா நாண் தடுமாறினதான்னு தெரியாதப்ப அப்படி எழுதக் கூடாது. வசதி இருந்தா ஹை ஸ்பீட் கேமரா, செகண்டுக்கு 4000 படம், ஒவ்வொரு சுத்தும் நிஜ சுத்து. ஆனா செகண்டுக்கு 20 படமா போட்டுப் பாத்தா ஒரு செகண்ட் குரலை முடிக்க மூணு நிமிஷத்துக்கு மேல ஆகும், பொறுமை வேணும். 1990கள்ல வந்த வீடியோகைமோகிராஃபி இன்னொரு புத்திசாலித்தனம், முழுப் படத்தையும் விட்டுட்டு நாணுக்குக் குறுக்கா ஒரே ஒரு கோட்டை மட்டும் செகண்டுக்கு கிட்டத்தட்ட 8000 தடவ எடுத்து அடுக்கிக் காட்டும், ரெண்டு பக்கமும் சமமா ஆடுதான்னு பாத்ததும் தெரியும், கோடு போகாத இடத்துல என்ன நடக்குதுன்னு மட்டும் தெரியாது.

முடிச்சதும் ஸ்கோப்பை அதுக்குரிய முறைப்படி கழுவி கிருமி நீக்கம் பண்ண அனுப்புங்க, வீடியோவ அன்னைக்கே சத்தத்தோட இன்னொரு தடவ பாருங்க. ரிப்போர்ட்ல "அலை குறைவு"ன்னு மொட்டையா எழுதாம, "இடது நாணோட நடுப்பகுதியில அலை இல்ல, 210 ஹெர்ட்ஸ், வசதியான சத்தம், லாக் மோட்ல படம் நின்னுது, ரிஜிட் 70 டிகிரி"ன்னு எழுதுங்க. மூணு மாசம் தெரபி முடிஞ்சு அவங்க திரும்ப வர்றப்ப அதே ஸ்கோப்ல அதே 210ஐக் கேளுங்க, ஸ்க்ரீன்ல 260 காட்டினா ரெக்கார்டை நிறுத்திட்டு, தோளைத் தளர்த்தச் சொல்லி, ஒரு மூச்சு விடச் சொல்லி, மறுபடி கேளுங்க.